மூடியில்லாத காரின் ஜீர்ணோத்தாரணம்

முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்ட மாஸ்டா ரோட்ஸ்டரின் உட்புறத்தைப் புதுப்பிக்க நினைக்கிறவர் எங்கே தொடங்க வேண்டும், எதைக் காப்பாற்ற வேண்டும், எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்குகிறவர் முதலில் அதன் வர்ணத்தைப் பார்க்கிறார். அடுத்து எஞ்சினின் ஓசைக்குச் செவி சாய்க்கிறார். துருவைத் தேடிக் குனிந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கிறார். ஆனால், பேரம் முடிந்து வண்டி கொட்டகைக்கு வந்து சேர்ந்த நாள்முதல் தாம் வாசம் செய்யப்போகும் இடம், ஓர் ஆசனமும் ஒரு ஸ்டீயரிங் வளையமும் ஒரு கியர்த் தண்டும் நாலைந்து மானிகளும் அடங்கிய அந்தச் சிறிய உட்புறமே என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் மனத்தில் படுகிறது. வெளியே பளபளக்கும் வர்ணம் வீதியில் போகிறவர்களின் கண்ணுக்கு விருந்து. உரிமையாளரின் முதுகும் முழங்கையும் உள்ளங்கையும் அறிந்த கார் வேறு.

அதிலும், கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு வானத்தின்கீழ் ஓட்டுவதற்கென்றே பிறந்த ஸ்போர்ட்ஸ் காரில் இந்த உட்புறத்தின் நிலைமை தனி. மற்றக் கார்களின் உட்புறத்தை வீட்டின் அறை என்று சொல்லலாமானால், இதை வீட்டின் முற்றம் என்றே சொல்ல வேண்டும்: வெயிலும் மழையும் தூசியும் சருகும் அழையாமலே வந்துபோகும் இடம். முற்றத்துக்குத் தரை பாவுகிற கொத்தனார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை நிச்சயித்துக்கொண்ட பிறகுதான் முதற் கல்லைப் பதிப்பார். திறந்த காரைப் புதுப்பிக்கப் புகுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கி, அழகான தோலுறையை முதலில் தைத்துப் போட்டுவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் அதன்மேல் பூசணம் பூப்பதைக் கண்டு விசனப்படுகிறார்கள்.

இந்த விஷயத்தைப் பொதுப்படப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட வண்டியை முன்னே நிறுத்திக்கொண்டு பேசுவதே பயன் தரும். அதற்கு, 1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.5 மிகவும் பொருத்தமானது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் பெயர் பெற்ற இந்தச் சிறு கார், மிகப் பெரிய எண்ணிக்கையில் விற்று, இன்னும் பல தேசங்களின் சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பதாலும், உண்மையான பழமையின் வாசலில் இப்போதுதான் கால் வைத்திருப்பதாலும், புதுப்பித்தலின் எல்லாப் பிரச்சினைகளையும் ஒரே இடத்தில் காட்டவல்லது.

பிறப்பும் நோக்கமும்

1979-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் பாப் ஹால், மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராயிருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய ஆங்கிலேய மாதிரியில் எளிமையும் இலேசும் பொருந்திய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உங்கள் நிறுவனம் செய்யலாமே என்று ஒரு யோசனை சொன்னார். அந்த ஆங்கிலேய மரபோ அப்போது அஸ்தமனத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1962 முதல் ஆபிங்டன் என்ற ஊரில் உற்பத்தியாகி வந்த எம்.ஜி.பி. காரும், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரும் 1980-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. யமமோட்டோ ஹக்கோனே மலைப்பாதையில் ஒரு ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்தார். அந்தச் சவாரியின் இன்பம் அவர் மனத்தைவிட்டு நீங்கவில்லை என்பார்கள். பிறகு வேலைகள் மெல்ல நகர்ந்தன. இங்கிலாந்தில் வொர்த்திங் நகரத்து ஐ.ஏ.டி. என்ற நிறுவனம் ஒரு முன்மாதிரி வண்டியைக் கட்டித் தந்தது. 1985-இல் அதைக் கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா வீதிகளில் ஓடவிட்டு, ஜனங்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் கார் உலகத்தின் முன் வந்தது.

இந்தத் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற தோஷிஹிக்கோ ஹிராய், குதிரையும் அதன்மேல் இருக்கும் வீரனும் ஒரே உயிராக இயங்குதல் என்ற பழைய ஜப்பானியக் கருத்தைத் தம் மூலமந்திரமாகக் கொண்டார். அந்த ஐக்கிய உணர்ச்சி ஓட்டுகிறவனுக்கு எந்தெந்தப் புலன் வழியாக உண்டாகிறது என்பதைப் பகுத்து, பிரேக்கை மிதிக்கும் பாதம், கியரை மாற்றும் மணிக்கட்டு, காதில் விழும் எஞ்சின் ஓசை, ஆசனத்தில் படியும் முதுகு என்று கிளைகிளையாகப் பிரித்து, மீன் முள்ளின் வடிவில் ஒரு வரைபடமே போட்டு வைத்தார். வடிவமைப்பாளர் ஷுன்ஜி தனக்கா, நோ நாடகத்தின் முகமூடிகளில் ஒளியும் நிழலும் மாறி விழுவதைக் கண்டு, அந்தக் குணத்தைக் காரின் உடலுக்குக் கொண்டுவந்தார். ஆசனத் துணியின் நெசவிலோ ஜப்பானிய வீட்டின் கோரைப்பாயாகிய தாத்தாமியின் சாயலை வைத்தார்கள். ஜப்பானில் விற்ற அடிப்படை வண்டியின் எடை 940 கிலோ, 1.6 லிட்டர் எஞ்சினின் வலிமை 120 குதிரைத்திறன். மாஸ்டாவின் இந்த வரிசை 2000-ஆம் ஆண்டிலேயே உலகில் மிக அதிகமாக விற்ற இரட்டை ஆசனத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்று, 2016 ஏப்ரலில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையையும் தொட்டது.

இந்தப் பூர்வகதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹிராயின் வரைபடத்தில் இருந்தவற்றில் மிகப் பலவும் உட்புறத்தைச் சேர்ந்தவை. ஆகவே முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு அந்த உட்புறத்தில் கை வைக்கிறவருக்கு ஓர் அளவுகோல் சுலபமாகவே கிடைத்துவிடுகிறது: ஓட்டுகிறவனையும் வண்டியையும் நெருங்கச் செய்வது எதுவோ அது வரட்டும், இருவருக்கும் நடுவே வந்து நிற்பது எதுவோ அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வேண்டாம்.

தண்ணீர் போகும் வழி

துணிக்கூரையின் பின்விளிம்பு உடலோடு சேரும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. கூரையின்மேல் விழும் மழைநீர் பின்பக்கமாக வழிந்து இந்த வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு ஆசனங்களுக்கும் பின்னால், பெல்ட்டுக் கம்பங்களின் அருகே உள்ள இரண்டு துவாரங்களில் இறங்கி, குழாய் வழியாகப் பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையில் விழுந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் சருகும் மகரந்தமும் மண்ணும் சேர்ந்து இந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டால், தேங்கிய நீர் இரண்டு திசைகளில் நாசம் விளைவிக்கிறது. ஒரு பங்கு பின்தட்டின் கம்பளத்தின்மேல் வழிந்து ஆசனங்களின் அடியில் இறங்குகிறது. மற்றொரு பங்கு கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்துக்குள் புகுந்து, வெளியே வர்ணம் சிறிதும் குலையாமல் இருக்கும்போதே, உள்ளிருந்து இரும்பைத் தின்றுவிடுகிறது. இந்தக் கார்களை அறிந்தவர்கள் வாங்கப் போகும்போது பின்சக்கரத்துக்கு முன்னுள்ள அந்தச் சட்டத்தை முதலில் தட்டிப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

ஆகையால், வேலையின் முதல் நாளில் தையற்காரரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆசனம் ஒன்றுக்கு நான்கு போல்ட்டுகள் வீதம் கழற்றி இரண்டையும் வெளியே எடுத்து, கம்பளத்தைத் தூக்கி, அதன் அடியிலுள்ள மெத்தென்ற படுக்கையைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும் கம்பளம் அடியில் மாதக்கணக்காக ஈரத்தைச் சுமந்துகொண்டிருப்பது சகஜம். மூடிய அறையில் வரும் பழந்துணி வாடைக்கு அதுதான் மூலம், வாசனைத் திரவியங்களால் அதற்கு ஒரு பரிகாரமும் கிடையாது. ஈரப் படுக்கையை வெயிலில் உலர்த்தியோ புதியதாக மாற்றியோ, தரைத்தகட்டில் துரு தோன்றியிருந்தால் அதைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, துவாரங்களில் தண்ணீரை மெல்ல ஊற்றி அது தங்குதடையின்றிக் கீழே விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த காரியத்தைப் பற்றி யோசிக்கலாம். அடைப்பை நீக்கக் கூர்மையான கம்பியை வேகமாகக் குத்துகிறவர்கள் குழாயையே ஓட்டை செய்துவிடுவதும் உண்டு; வளைந்து கொடுக்கும் மெல்லிய நைலான் குச்சியே இதற்கு உசிதம்.

இன்னொரு வழியும் உண்டு. கதவுக் கண்ணாடியின்மேல் வழியும் நீர் இயல்பாகவே கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகளால் வெளியேறும். கதவின் உட்தட்டை நீர் தொடாதபடி ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிசினால் ஒட்டி வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றவோ கண்ணாடியை ஏற்றியிறக்கும் கம்பியைச் சரிசெய்யவோ திறந்த யாரோ ஒரு மெக்கானிக் அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டால், அட்டையால் ஆன உட்தட்டு ஈரத்தைக் குடித்து உப்பி, கோணலாக வளைந்து, கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும். புதிய உட்தட்டு வாங்குகிறவர் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளையும் பிசினையும் சேர்த்து வாங்காவிட்டால், சில மழைக்காலங்களில் அதே செலவை மறுபடியும் செய்ய நேரும்.

துணிக்கூரை

கூரை வெளிப்புறமா உட்புறமா என்ற கேள்வி திறந்த காரில் அர்த்தமற்றது; மூடியிருக்கும்போது அதுவே தலைக்கு மேலுள்ள சுவர். முதல் தலைமுறை ரோட்ஸ்டரில் அது ரெக்ஸின் வகையைச் சேர்ந்த வைனிலால் ஆனது. பின்ஜன்னல், ஜிப்பால் திறந்து படுக்கவைக்கக்கூடிய தெளிந்த பிளாஸ்டிக். ஆசனத்தில் அமர்ந்தபடியே இரண்டு கொக்கிகளை விடுவித்து ஒரே கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம் என்பது அந்தக் காரின் தனிச்சிறப்புகளில் ஒன்று. ஆனால் ஜிப்பைத் திறந்து ஜன்னலைச் சமனாகப் படுக்கவைக்காமல் கூரையை மடிக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கில் ஒரு மடிப்பு விழுகிறது. குளிர்காலத்தில் அந்த மடிப்பு வெடிப்பாகிறது. வெயிலில் முழுத்தகடும் மஞ்சளித்து, பின்னால் வரும் வண்டி மூடுபனிக்குள் வருவதுபோல் தெரிகிறது.

1998-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறையில் மாஸ்டாவே கண்ணாடி ஜன்னலுக்கு மாறிவிட்டது. அந்த மாதிரியை ஒட்டிய, சூடேற்றும் கம்பிகள் பதித்த கண்ணாடி ஜன்னலுள்ள கூரைகளை முதல் தலைமுறை வண்டிக்கும் பொருத்தலாம். இதைச் செய்கிறவர்கள் ஏராளம். துணியிலும் இரண்டு பக்ஷங்கள் உண்டு. வைனில் மலிவு, துடைக்க எளிது, தொழிற்சாலையிலிருந்து வந்த தோற்றத்துக்கு உரியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹார்ட்ஸ் நிறுவனம் நெய்யும் ஸ்டேஃபாஸ்ட் போன்ற கேன்வாஸ் வகை, மேலே சாயம் ஊறிய அக்ரிலிக், நடுவே ரப்பர், அடியில் பருத்திக் கலப்பு என்று மூன்று படலங்களால் ஆனது. விலை அதிகம், ஆனால் சுருக்கம் விழாமல் நீண்ட காலம் உழைக்கும், உள்ளே சப்தமும் சற்றுக் குறையும். எதைத் தேர்ந்தாலும், ஆசனங்களின் பின்னால் வரிசையாக உள்ள நட்டுகளைக் கழற்றி மூன்று இரும்புப் பட்டிகளை எடுத்துவிட்டுப் பழைய கூரையை விடுவிக்கும் அந்த நாளில், முன் சொன்ன வாய்க்காலையும் சேர்த்து மாற்றிவிடுவதே விவேகம். வயதான பிளாஸ்டிக் வாய்க்கால் கழற்றும்போதே விரிசல் கண்டுவிடும். கண்ணாடிச் சட்டத்தையும் கதவையும் சுற்றிய ரப்பர் பீடிங்குகளைச் சிலிக்கோன் கிரீஸால் மெழுகி வைத்தால் அவை மீண்டும் மிருதுவாகி, இழந்த இறுக்கத்தில் ஒரு பகுதியையாவது திரும்பப் பெறும்.

ஆசனம்

ஆசனத்தைப் புதுப்பிப்பது என்றால் உறையை மாற்றுவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உறை கிழிவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கிறது. காற்றின் ஈரமும் பிராணவாயுவும் பாலியூரித்தேன் ஃபோமின் கட்டுக்கோப்பை மெல்ல மெல்லக் குலைத்து, கடைசியில் அதைத் தொட்டால் உதிரும் மாவாக்கிவிடுகின்றன. ஓட்டுநர் தினமும் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு மெத்தை முதலில் தளர்கிறது. தாங்குவதற்கு அடியில் ஒன்றும் இல்லாத உறை அங்கே சுருங்கிச் சுருங்கி நூல் விடுகிறது. இடிந்த மெத்தையின்மேல் புதுத் தோலை இழுத்துத் தைத்தால், அது சில மாதங்களில் அதே இடத்தில் அதே சுருக்கத்தைக் காட்டும். நல்ல குஷன் வேலைக்காரர், பழைய மெத்தையின் உருவத்தைக் குறித்துக்கொண்டு, நசிந்த பகுதியை வெட்டியெடுத்து, அடர்த்தி அதிகமான புதிய ஃபோமை அந்த இடத்தில் ஒட்டிச் செதுக்கி, அதன்மேல் மெல்லிய பஞ்சுப் படலத்தை விரித்த பிறகே உறையைத் தொடுவார்.

இங்கே இந்தக் காருக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. உயரமானவர்கள் இதில் அமர்ந்தால் தலை கூரையை முட்டும். பார்வை கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் போய் நிற்கும். ஆகவே, உலகமெங்கும் ஆசனத்தில் ஃபோமைச் சேர்க்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, இந்தக் காரின் நெட்டை உரிமையாளர்கள் உறையைக் கழற்றி இருக்கையின் அடிப்பகுதியிலிருந்து ஃபோமை வெட்டியெடுத்து, சில விரற்கடை தாழ்ந்து அமர்கிறார்கள். செலவு ஏதுமில்லாத இந்தச் சிறு சிகிச்சையால் கிடைக்கும் சௌகரியம், விலையுயர்ந்த புதிய ஆசனங்கள் பலவற்றாலும் கிடைப்பதில்லை.

உறைக்குத் துணியா தோலா என்பது ருசியைப் பொறுத்தது. தாத்தாமிச் சாயலுள்ள அசல் துணி தோலைவிட உடம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். திறந்து நிறுத்திய காரில் வெயிலேறிய கறுப்புத் தோலின்மேல் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால், வீட்டு நாற்காலிக்கென்று கடையில் விற்கும் துணியைக் காருக்குப் பயன்படுத்தலாகாது. சூரியனின் புறஊதாக் கதிர்களுக்கு அது ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும் என்பது ஒரு காரணம். தீப்பற்றும் வேகம் மற்றொரு காரணம். அமெரிக்காவில் 1972 முதல் அமலில் உள்ள விதி, கார் உட்புறப் பொருள்களில் தீ நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்று நிர்ணயிக்கிறது. கார்களுக்கென்று நெய்த துணி இந்தப் பரீட்சையில் தேறியது.

பழைய தோல் இருக்குமானால் அதைக் களைவதற்கு முன் ஒரு முறை நிதானமாகச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். இக்காலத்துக் கார்த் தோல்களில் பெரும்பாலானவற்றின்மேல் வர்ணப் படலம் உண்டு. ஆதலால் பாட்டிலில் விற்கும் எண்ணெய்கள் அதைத் தாண்டி ஆழமாக ஊறுவதில்லை. அவை மேலே பிசுபிசுப்பாக நின்று தூசியைச் சேர்க்கின்றன. மிருதுவான தூரிகையும் மிதமான சோப்பு நுரையும் கொண்டு தையல் இடுக்குகளிலுள்ள அழுக்கை எடுத்து, படலம் தேய்ந்த இடத்தில் அதே நிறத்தின் பூச்சைத் தொட்டுக் கொடுத்தால், குப்பைக்குப் போகவிருந்த ஆசனம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

உள்ளங்கை அறியும் கார்

நீரும் ஆசனமும் ஒழுங்கான பிறகு, ஹிராயின் வரைபடத்தின் இருதயமான பகுதிக்கு வருகிறோம். இந்தக் காரில் கியர்ப் பெட்டியையும் பின் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேராகப் பிணைக்கிறது. கால் அழுத்தத்துக்கு வண்டி உடனே பதில் சொல்வதற்கும், கியர்த் தண்டு குழைவின்றித் தன் ஸ்தானத்தில் விழுவதற்கும் இந்தப் பிணைப்பு பெருங்காரணம். அத்தகைய தண்டு இப்போது கஞ்சியைக் கிளறுவதுபோல் அசைகிறதென்றால், பலரும் பளபளப்பான ஒரு புதிய குமிழை வாங்கி மாட்டித் திருப்தி அடைகிறார்கள். நோய் அதன் அடியில் இருக்கிறது. வெளியே தெரியும் தோலுறைக்குக் கீழே ஒரு பெரிய ரப்பர் உறையும், அதற்கும் கீழே ஒரு சிறிய ரப்பர் உறையும் உண்டு. கியர்ப் பெட்டியின் சூட்டில் இவை வெடித்துவிடும்போது, எஞ்சினின் உஷ்ணமும் இரைச்சலும் நேராக ஓட்டுநரின் முழங்கையருகே வந்து சேர்கின்றன. தண்டின் அடிக்குமிழ் மூழ்கியிருக்க வேண்டிய தனி எண்ணெயும் குறைந்து கெட்டுப்போகிறது. இரண்டு உறைகளையும் மாற்றி, பழைய எண்ணெயை உறிஞ்சியெடுத்துப் புதிய எண்ணெய் ஊற்றி, தேய்ந்த பிளாஸ்டிக் புஷ்ஷையும் மாற்றினால், கியர் மாற்றம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைப்போல் திடமாகிறது. கோடைகாலத்தில் உட்புறத்தின் வெப்பமும் கணிசமாகக் குறைகிறது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இந்த வேலையை நாம் உட்புறப் புதுப்பித்தலின் மிக லாபகரமான காரியம் என்று தயக்கமின்றிச் சொல்வோம்.

ஸ்டீயரிங் வளையத்தின் கதை சற்று நுட்பமானது. ஜப்பானில் 1990-இல் வந்த வி-ஸ்பெஷல் என்ற பதிப்பில், கரும்பச்சை உடலுக்கும் இளம்பழுப்புத் தோலுக்கும் துணையாக, இத்தாலியரான என்ரிக்கோ நார்டியின் பெயர் தாங்கிய மரவளையமும் மரக்குமிழும் தந்தார்கள். அன்றுமுதல் அந்த மரவளையமே பலருடைய கனவாக இருந்து வருகிறது. அமெரிக்க வண்டிகளிலோ தொடக்கத்திலிருந்தே ஓட்டுநருக்குக் காற்றுப்பை உண்டு. மரவளையம் வேண்டுமென்றால் அந்தப் பையை இழக்க வேண்டும். அழகுக்காக உயிர்க்காப்பை விடுவது சரியா என்பதை ஒவ்வொருவரும் தம் மனசாட்சியையும் தம் தேசத்துச் சட்டத்தையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வளையத்தில் கை வைப்பதற்கு முன்னால், டிக்கியில் இருக்கும் பாட்டரியின் இணைப்பைத் துண்டித்துச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும், காற்றுப்பையை அனுபவசாலியான தொழிலாளி அல்லாதார் தொடக்கூடாது என்பதும் விவாதத்துக்கு இடமில்லாத நியதிகள். பையை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு, தேய்ந்த அசல் வளையத்தின்மேலேயே புதிய தோலைக் கைத்தையலாகப் போட்டுக்கொள்ளும் வழி இருக்கிறது. கை தொடுகிற பொருள் புதிதாகிறது, காப்பும் குறைவதில்லை.

கண்ணுக்கும் செவிக்கும்

டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கில் மிருதுவைத் தருவதற்காகச் சேர்த்த இளக்கிகள் வெயிலில் ஆவியாகி, முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. அவை போன பிறகு பிளாஸ்டிக் வறண்டு நொறுங்கும் தன்மையை அடைகிறது. இந்த இழப்பைத் திரும்பக் கொடுக்க வழி கிடையாது. புறஊதாத் தடுப்புள்ள மங்கலான பூச்சால் இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டியை நிழலில் நிறுத்தலாம். முகம் தெரியும்படி மின்னும் பூச்சுகள் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் பார்வையைக் குழப்பும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வட்ட வடிவக் காற்றுத் துவாரங்களின் வளையங்கள், மானிகளின் பல்புகள், உடைந்த கிளிப்புகள் ஆகியவற்றை மாற்றச் செலவு சொற்பம், விளைவு அதிகம். மானிகளுள் எண்ணெய் அழுத்தமானி தனிக் கவனத்துக்கு உரியது: ஆரம்பகால வண்டிகளில் அதன் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது, பிற்காலத்தில் அதை வெறும் விசைபோல் ஆக்கி, அழுத்தம் இருந்தால் முள் நடுவில் நிற்கும்படி செய்துவிட்டார்கள். மெய்யான மானியைத் திரும்பப் பொருத்திக்கொள்கிறவர்கள் வண்டியின் நாடியைத் தாமே பார்க்கும் உரிமையை மீட்டுக்கொள்கிறார்கள். மேம்பாடு என்ற சொல்லுக்கு இது சரியான உதாரணம்.

சங்கீதத்தைப் பொறுத்தவரை, சில பதிப்புகளில் தலையணைக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்துத் தந்த மாஸ்டாவின் யுக்தி இன்றும் பாராட்டத்தக்கது. திறந்த காரில் காற்றின் இரைச்சலை வெல்லும் வழி, ஒலியைப் பெருக்குவதைவிடக் காதுக்கு அருகே கொண்டுவருவதுதான். பழைய முகமும் புதிய உள்ளமும் கொண்ட ப்ளூடூத் ரேடியோக்கள் இப்போது கிடைக்கின்றன. கதவுக்குள் பெரிய ஸ்பீக்கரும் டிக்கியில் கனத்த ஒலிபெருக்கியும் ஏற்றுகிறவர்கள், 940 கிலோவில் ஒரு காரைக் கட்டுவதற்காக ஹிராயும் அவர் குழுவினரும் பட்ட பிரயாசையை ஒரே மாலையில் வீணாக்குகிறார்கள். இரைச்சலைத் தடுக்கும் பியூட்டைல் தகடுகளையும், சுரங்கம்போல் ஓடும் நடுமேட்டிலும் கதவுத் தகட்டிலும் அளவாக ஒட்டினால் போதுமானது.

காற்றைத் தடுப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. ஓடும் காரில் முன் கண்ணாடியைத் தாண்டிச் செல்லும் காற்று உட்புறத்தில் அழுத்தத்தைக் குறைப்பதால், குளிர்காற்று பின்னாலிருந்து திரும்பிச் சுழன்று வந்து பிடரியில் மோதுகிறது. முன்னால் வருவதாக நாம் எண்ணும் குளிர் உண்மையில் பின்னால் வருவது. ஆசனங்களுக்குப் பின்னே ஒரு வலைத்தடுப்பை நிறுத்தினால் இந்தச் சுழற்சி தடைப்பட்டு, காலடியில் ஹீட்டர் தரும் சூடு தங்குகிறது. உறை தைக்கும்போதே அடியில் மெல்லிய சூடேற்றும் தகடுகளை வைத்துவிட்டால், குளிர்தேசங்களில் கூரையைத் திறந்து ஓட்டக்கூடிய மாதங்கள் வருஷத்தில் இரண்டோ மூன்றோ கூடிவிடும். திறந்து ஓட்டும் காலத்தை நீட்டிக்கும் எந்தச் செலவும் இந்தக் காரில் வீண் செலவாகாது.

அசலா, மேம்பாடா?

பழைய கார் பிரியர்களிடையே ஓயாத விவாதம் இது. ஒரு சாரார், தொழிற்சாலை வைத்த ஆணி ஒன்றைக்கூட மாற்றலாகாது என்பார்கள். மற்றொரு சாரார், தம் வண்டி தம் இஷ்டம் என்பார்கள். மாஸ்டா நிறுவனமே இந்த விஷயத்தில் தன் அபிப்பிராயத்தைச் செயலில் காட்டியிருக்கிறது. 2017-இல் அது முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குப் புனருத்தாரணத் திட்டம் ஒன்றை அறிவித்து, ஜப்பானிய உரிமையாளர்களின் வண்டிகளை ஏற்றுக்கொண்டு, உட்புறம், எஞ்சின், சஸ்பென்ஷன் என்று பகுதி பகுதியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அதற்காக மறுபடியும் உற்பத்தி செய்த பொருள்களுள் துணிக்கூரையும், நார்டியின் மரவளையமும் மரக்குமிழும், பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பழைய மாதிரி டயரும் இருந்தன. கவனித்தால் ஒன்று விளங்கும்: கூரையின் தோற்றமும், கையில் படும் மரத்தின் ஸ்பரிசமும், டயர் வழியாக வளையத்துக்கு வந்து சேரும் சாலையின் உணர்ச்சியும் முதலில் திரும்ப வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன் மீன் முள் வரைபடத்தில் எழுதியவை எவையோ, அவையே மீட்கத்தக்கவை என்று நிச்சயித்திருக்கிறார்கள்.

சாதாரண உரிமையாளருக்கும் இதுவே வழிகாட்டி. கழற்றிய அசல் பாகம் எதையும் வீசிவிடாமல் பெயர் எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். துளை போட்டு, வெட்டி, ஒட்டிச் செய்யும் மாற்றங்களைக் கூடியவரை தவிர்த்து, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் மாற்றங்களையே செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு சாராருக்கும் நடுவே சண்டைக்கு இடமே இல்லாமல் போகிறது. வண்டியை நாளை விற்க நேர்ந்தாலும், வாங்குகிறவருக்கு அசலும் மேம்பாடும் சேர்ந்தே கிடைக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை நமது யோசனை எளியது. கையில் இருப்பது சொற்பமானால் அதை முழுவதும் வடிகாலுக்கும் பீடிங்குக்கும் கதவுத் தாளுக்கும் கியர்த் தண்டின் ரப்பர் உறைகளுக்கும் செலவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் ஃபோமை மாற்றுங்கள். அதற்கு மேலும் இருந்தால் கூரை. தோலும் மரமும் வர்ணமும் கடைசியில் வரட்டும். இந்த வரிசையில் நடந்தவருடைய வண்டியில், கிழிந்த உறையோடு இருந்தாலும், ஏறி உட்கார்ந்தவுடன் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எழும். வரிசையை மாற்றியவருடைய வண்டி படத்தில் மட்டும் நன்றாக இருக்கும். ஓட்டுவதற்காகப் பிறந்த காருக்குப் படத்தில் நன்றாக இருப்பதால் என்ன பிரயோஜனம்?